வீட்டில் அடிக்கும் ரசிகர் டி-ஷர்ட்டில் ஒஹாயோ ஸ்டேட் லோகோ போடலாமா?

2 செப்டம்பர் 2024, வாசகி ஒருவரின் கேள்வி

மகன் இந்த வருடம் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு. எங்கள் வீடும் கொலம்பஸில்தான். சனிக்கிழமை ஏக்ரனுடன் நடந்த அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வீடே சிவப்பாகிவிட்டது. நான்கு பேருக்கும் கடையில் டி-ஷர்ட் வாங்கினால் மளிகைப் பணம் போய்விடும். என்னிடம் வினைல் தாளை வெட்டுகிற கிரிக்கட் மெஷின் இருக்கிறது. லோகோவை இணையத்தில் இறக்கி, வினைலில் வெட்டி நானே ஒட்டிவிடலாமா? "வீட்டுக்குத்தானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்கிறார் கணவர். "கேஸ் போட்டுவிடுவார்கள்" என்கிறாள் தங்கை. யார் சொல்வது சரி?

2 செப்டம்பர், இரவு

ஒட்டுங்கள். நான் வக்கீல் இல்லை, அச்சுத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவன். இந்த விஷயத்தில் ஒருமுறை சூடு பட்டதால் கொஞ்சம் படித்திருக்கிறேன்.

உங்கள் கணவரின் முடிவு சரி, காரணம் சரியில்லை. யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் இது சரியாகிவிடவில்லை. அமெரிக்க டிரேட்மார்க் சட்டம், அதாவது 1946-இல் வந்த லேன்ஹம் சட்டம், கடைத்தெருவை மனதில் வைத்து எழுதப்பட்டது. ஒருவர் சின்னத்தை இன்னொருவர் சரக்கின் மேல் போட்டு விற்கிறார், வாங்குகிறவர் அது யாருடைய சரக்கு என்று குழம்புகிறார். அந்தக் குழப்பம்தான் சட்டத்தின் கவலை. உங்கள் சாப்பாட்டு மேசையில் செய்து உங்கள் மகன் போட்டுக்கொள்கிற டி-ஷர்ட்டுக்கு வாங்குகிறவரே கிடையாது.

இங்கே துணிக் கடைகளில் கல்லூரிச் சின்னம் அச்சிட்ட துணி கெஜக் கணக்கில் கிடைக்கிறது. அடுத்த முறை போனால் துணியின் கரையைப் பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கு மட்டும், வியாபாரத்துக்குக் கூடாது என்று பொடி எழுத்தில் ஓடும். பல்கலைக்கழகங்கள் எங்கே கோடு போடுகின்றன என்பது அந்தக் கரையிலேயே தெரிந்துவிடும்.

தங்கை பயப்படுகிற கேஸ்களும் நிஜம்தான். எனக்குத் தெரிந்தவரை அவை எல்லாம் விற்றவர்கள் மேல் வந்தவை.

5 செப்டம்பர்

"எட்சி இணையச் சந்தையில் 3 டாலருக்கு, வெட்டுகிற மெஷினுக்கான எஸ்விஜி ஃபைல் கிடைக்கிறது, காசு கொடுத்து வாங்கினால் உரிமையும் வந்துவிடும்தானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வராது. விற்கிறவரிடம் இல்லாத உரிமையை அவரால் உங்களுக்குத் தர முடியாது. "வணிக உரிமத்துடன்" என்று ஃபைலின் தலைப்பில் போட்டிருந்தாலும் அதேதான். அவர் கோடுகளை வரைந்து தந்ததற்குத்தான் அந்த 3 டாலர். பிளாக் ஓ, அதாவது ஒஹாயோ ஸ்டேட்டின் கட்டை எழுத்து ஓ லோகோ, அவருடையது கிடையாது.

இந்த விஷயத்தில் எனக்குக் கோபம் உண்டு, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் நானும் ஒரு இணையச் சந்தையில் சிறு கடை வைத்திருந்தேன். இப்படி வாங்கிய ஒரு ஃபைலை வைத்து இன்னொரு கல்லூரியின் சின்னத்தில் பதினோரு டி-ஷர்ட் விற்றேன். பன்னிரண்டாவது ஆர்டர் வந்த அன்று கடையே மூடப்பட்டது. அந்தச் சின்னத்துக்குச் சம்பந்தமே இல்லாத கோலம் போட்ட பைகள், தமிழ் எழுத்துப் பலகைகள் எல்லாம் சேர்ந்து போயின. எனக்கு ஃபைல் விற்றவரின் கடை வேறு பெயரில் இன்னும் நடக்கிறது.

8 செப்டம்பர்

நேற்று எழுதியிருக்க வேண்டியது. என் ஊர் திருப்பூர். அப்பா ஜாப் வொர்க்காக ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தார். நீளமான இரண்டு டேபிள், ஆறு பேர், எந்நேரமும் மண்ணெண்ணெய் வாசம். வெளிநாட்டு பையர் ஆர்டர் என்றால் பான்டோன் நிற அட்டையை வைத்துக்கொண்டு ஷேடு பிடிப்பார். சிவப்பு மட்டும் லேசில் பிடிபடாது என்பார். ஈரத்தில் ஒன்றாக இருக்கும், காய்ந்ததும் வேறாகிவிடும். ஒஹாயோ ஸ்டேட்டின் ஸ்கார்லெட் சிவப்பு பான்டோன் 200 என்று தெரிந்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தது அவர் கைதான்.

ஆர்டர் முடிந்த ராத்திரியே ஸ்கிரீனைக் கழுவிவிடுவார். பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, மெஷ்ஷில் எழுத்து ஒன்றுகூட நிற்காதபடி தேய்ப்பார். "கண்ணு, அடுத்தவங்க பேரு இருக்கற ஸ்கிரீன ராத்திரி நம்ம கூரைக்குக் கீழ வெக்கக்கூடாது" என்பார். மறுநாள் அதே ஆர்டர் மறுபடி வந்தாலும் ஸ்கிரீனில் எழுத்தைப் புதிதாக எக்ஸ்போஸ் செய்து பதிப்பார். கூலி நஷ்டம்தான், ஆனாலும் அதில் மாற மாட்டார்.

கல்லூரிச் சின்னத்தை வைத்து டி-ஷர்ட் விற்ற அந்த நாட்களில் இதை நான் மறந்திருந்தேன்.

9 செப்டம்பர்

அக்காவிடம் போனில் இதைப் படித்துக் காட்டினேன். திருத்தம் சொன்னாள். "அப்பா எக்ஸ்போர்ட் ஆர்டருக்குத்தாண்டா அப்படி. ரசிகர் மன்றத்துக்காரங்க படம் ரிலீஸுக்கு பனியன் கேட்டு வந்தா, ஹீரோ மூஞ்சிய போஸ்டர்ல இருந்து எடுத்து ஐநூறு அடிச்சுக் குடுத்தாரே, மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அதையும் இதையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். எங்கள் ஊரில் ரசிகன் என்றால் தானாகவே கட்டவுட் வைப்பான், பனியன் அடிப்பான், யாரிடமும் கேட்க மாட்டான். சேப்பாக்கம் வாசலில் மஞ்சள் ஜெர்சி விற்பவர்களிடம் யாரும் உரிமம் கேட்டு நின்றதை நான் பார்த்ததில்லை. காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் குவியலில் இருந்து எடுத்த, நெஞ்சில் அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெயர் போட்ட பனியனை ப்ளஸ் டூ முழுக்கப் போட்டுக்கொண்டு திரிந்தவன் நான். அது ஒரு கல்லூரி என்றே அப்போது தெரியாது.

ஆக அப்பாவின் விதி "அடுத்தவன் பேரைத் தொடாதே" என்பதில்லை. பெயருக்குச் சொந்தக்காரர் கணக்குப் பார்க்கிறவர் என்றால் அவர் கணக்கைக் குலைக்காதே என்பதுதான். இங்கே கல்லூரி கணக்குப் பார்க்கிறது. 2016-இல் ஒஹாயோ ஸ்டேட் நைக்கியுடன் போட்ட ஒப்பந்தம் 15 வருடத்துக்கு 252 மில்லியன் டாலர்.

22 செப்டம்பர்

விஷயம் என் வீட்டுக்கே வந்துவிட்டது. என் மகளும் அங்கேதான் படிக்கிறாள். நேற்று மார்ஷலுடன் ஆட்டம். அவளுக்கு நான் வெட்டி ஒட்டிய டி-ஷர்ட்டை கொலம்பஸ் பக்கத்து டப்ளினில் எங்கள் தெருத் தமிழ்க் குடும்பங்கள் பார்த்துவிட்டன. ராத்திரி வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது: 23 டி-ஷர்ட், சைஸ் வாரியாக. "ஆளுக்கு 12 டாலர் தந்துவிடுகிறோம் அண்ணா, வினைலுக்கும் துணிக்கும் சரியாப் போகும், உங்களுக்கு நஷ்டம் வேண்டாம்."

அன்போடு கேட்கிறார்கள். என் பதில் என்னவாக இருக்க வேண்டும் என்று இரண்டு மணி நேரம் யோசித்தேன். லாபம் இல்லாததால் இது விற்பனை ஆகாது என்றுதான் முதலில் தோன்றியது. தவறு. 12 டாலர் வாங்கிக்கொண்டு ஒரு பொருளைக் கொடுத்தால் அது விற்பனைதான். அசலுக்கு விற்றாலும், வெள்ள நிவாரணத்துக்கு விற்றாலும் பெயர் மாறாது. லாபம் இல்லை என்பது நஷ்ட ஈட்டுத் தொகையைக் குறைக்கலாம், தவறே நடக்கவில்லை என்று ஆக்காது.

"அப்போ காசே வேண்டாம், 23-ம் இலவசம்" என்று எழுதிவிட்டுப் படுத்தேன்.

23 செப்டம்பர்

நேற்றைய கடைசி வரியைத் திருத்துகிறேன். காலையில் சட்டத்தின் அந்தப் பிரிவை எடுத்துப் படித்தேன். விற்பது, விற்க முன்வைப்பது, விளம்பரம் செய்வது என்பவற்றோடு "விநியோகம்" என்ற சொல்லும் அங்கே இருக்கிறது. இலவசம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பாதுகாப்பு என்று நான் சொன்னது அவசரம். பிறந்தநாளுக்கு மருமகனுக்கு ஒன்று செய்து கொடுப்பதற்கும், ஒரே மாதிரி 23 அடித்துப் பிக்னிக்கில் பங்கிடுவதற்கும் தூரம் இருக்கிறது. இரண்டாவதற்கு யாரும் கேஸ் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் மகள் படிக்கிற இடத்தின் சின்னத்தை வைத்து அந்த எல்லையில் நின்று பார்க்க எனக்கு மனமில்லை.

மகள் இன்னொன்று சொன்னாள். கல்லூரியில் பதிவு செய்த மாணவர் அமைப்பே டி-ஷர்ட் அடித்தாலும் கல்லூரிச் சின்னம் வேண்டுமென்றால் உரிமம் பெற்ற அச்சகத்தில்தான் அடிக்க வேண்டும், டிசைனுக்கு முன் அனுமதியும் வாங்க வேண்டும். உள்ளே இருக்கிற பிள்ளைகளுக்கே அந்த வழி என்றால் நான் சுற்றுவழி தேடுவது சரியில்லை.

29 செப்டம்பர்

"பெரிய கம்பெனிகளைத்தான் பிடிப்பார்கள், கொலம்பஸில் யார் நம்மைப் பார்க்கிறார்கள்" என்றவருக்கு: கொலம்பஸையே பார்த்திருக்கிறார்கள். ஸ்கிரீன்ட் என்று இங்கேயே ஒரு கம்பெனி. யாரோ டிசைனை ஏற்றுவார்கள், யாரோ வாங்குவார்கள், இவர்கள் அச்சடித்து அனுப்புவார்கள். டிசைன் எங்களுடையது இல்லை, நாங்கள் வெறும் அச்சுக்காரர்கள் என்பது அவர்கள் வாதம். 2014-இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒஹாயோ ஸ்டேட் பக்கம் தீர்ப்பளித்தது. மெஷின் உன்னுடையது, அச்சு விழுந்தது உன் மேசையில்.

அடுத்தது ரெட்பபிள், ஆஸ்திரேலியக் கம்பெனி. அவர்கள் அச்சடிப்பதையும் வேறு ஆளிடம் விட்டுவிட்டு, நாங்கள் இணையச் சந்தை மட்டும்தான் என்றார்கள். கீழ் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 2021 பிப்ரவரியில் ஆறாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் திருப்பி, மறுபடி விசாரிக்கச் சொல்லி அனுப்பியது.

கான்சஸில் லாரன்ஸ் என்ற கல்லூரி ஊர். அங்கே ஜோ-காலேஜ் என்ற டி-ஷர்ட் கடை மேல் கான்சஸ் பல்கலைக்கழகம் வழக்குப் போட்டது. கிண்டலும் கேலியுமான வாசகங்கள். 2008-இல் ஜூரி அத்தனை டி-ஷர்ட்டையும் தவறு என்று சொல்லவில்லை, ஒரு பகுதியை மட்டும்தான். அந்தப் பகுதிக்கே 1,27,000 டாலருக்கு மேல் கட்டச் சொன்னது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஸ்கிரீன்ட் கேஸ்தான். அப்பாவும் "நான் வெறும் அச்சுக்காரன்" என்றுதான் ரசிகர் மன்றத்துக்கு அடித்திருப்பார்.

13 அக்டோபர்

நேற்று ஆரிகனிடம் 32-31 தோல்வி. ஒரே ஒரு பாயிண்ட். தூக்கம் வரவில்லை, எனவே நிறத்தைப் பற்றி எழுதுகிறேன்.

கீழே கருத்துப் பகுதியில் பலரும் சொல்கிற யோசனை: "லோகோ போடாதீங்க, பெயரும் போடாதீங்க. சிவப்பும் சாம்பலும் போட்டு 'கொலம்பஸ்'னு எழுதுங்க, யாரும் ஒன்றும் சொல்ல முடியாது." நானும் அப்படித்தான் நம்பினேன். ஸ்மாக் அப்பேரல் கேஸைப் படித்த பிறகு நம்பவில்லை.

புளோரிடாவில் டாம்பாவைச் சேர்ந்த கம்பெனி அது. டி-ஷர்ட்டில் கல்லூரியின் பெயர் இல்லை, லோகோ இல்லை. நிறம் மட்டும் கல்லூரி நிறம், கூடவே அந்த அணிக்காரர்களுக்கு மட்டும் புரிகிற வாசகம். லூசியானா ஸ்டேட், ஒக்லஹோமா, தெற்கு கலிஃபோர்னியா, ஒஹாயோ ஸ்டேட் நான்கும் சேர்ந்து வழக்குப் போட்டன. ஒஹாயோ ஸ்டேட் டி-ஷர்ட்டில் இருந்தது என்ன? ஏழு இருக்கிறதா என்று முன்பக்கம் ஒரு கேள்வி. எங்களிடம் இருக்கிறது, ஏழு முறை தேசிய சாம்பியன் என்று பின்பக்கம் பதில். மாநிலத்தின் கோட்டுருவம், அதில் கொலம்பஸ் இருக்கும் இடத்தில் ஒரு குறி. அவ்வளவுதான். 2008-இல் ஐந்தாவது சர்க்யூட் நீதிமன்றம் கல்லூரிகள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நிறம் தனியாக நின்றால் வேறு கதை. நிறத்தோடு ஊரும் சாம்பியன் கணக்கும் சேர்ந்தால் பெயர் எழுதாமலே பெயர் படிக்கப்படுகிறது.

முதலில் எனக்கு இது அநியாயமாகப் பட்டது. நிறம் எல்லோருக்கும் பொது. ஒஹாயோ ஸ்டேட்டின் நிறம் வந்த கதையும் அப்படித்தான். 1878-இல் மூன்று மாணவர்கள் உட்கார்ந்து ஆரஞ்சும் கறுப்பும் என்று முடிவு செய்தார்கள். பிரின்ஸ்டன் ஏற்கனவே அதை வைத்திருக்கிறது என்று தெரிந்ததும் ஸ்கார்லெட்டும் சாம்பலும் என மாற்றிக்கொண்டார்கள். லேன்ஹம் சட்டம் வருவதற்கு 68 வருடம் முன்னால், எந்த வக்கீலும் கடிதம் எழுதாமல், மூன்று பிள்ளைகள் தாங்களாகவே "அது அவர்கள் நிறம்" என்று விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். இதைப் படித்தபின் என் கோபம் பாதியாகிவிட்டது.

இன்னொரு கோபம் "தி" என்ற சொல்லுக்கு. ஆங்கிலத்தில் எத்தனையோ பெயர்ச்சொற்களுக்கு முன்னால் வருகிற அந்தச் சிறு சொல்லை ஒஹாயோ ஸ்டேட் 2019-இல் விண்ணப்பித்து 2022 ஜூனில் டிரேட்மார்க்காகப் பதிவு செய்தது. விளையாட்டு, கல்லூரிச் சந்தையில் விற்கிற டி-ஷர்ட்டுக்கும் தொப்பிக்கும் மட்டும்தான், பேசவோ எழுதவோ தடையில்லை. இருந்தாலும் இது அதிகம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

20 அக்டோபர்

அலபாமாவைப் பற்றிச் சுருக்கமாக. 2012-இல் நார்த்போர்ட் என்ற ஊரில் கேக்கிலும் குக்கீயிலும் அலபாமாவின் எழுத்தைப் போட்ட ஒரு சிறு பேக்கரிக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. ஊரே கொதித்தது, பல்கலைக்கழகம் பின்வாங்கியது. அதே வருடம் டேனியல் மூர் என்ற ஓவியரின் கேஸில் பதினோராவது சர்க்யூட் சொன்னது: ஆட்டக் காட்சியை ஓவியமாக வரையும்போது சீருடையை உள்ளபடி வரையலாம், அந்த ஓவியத்தையும் அதன் அச்சுப் பிரதிகளையும் விற்கலாம், அது கருத்துச் சுதந்திரம். கோப்பை போன்ற பொருட்களில் போட்டு விற்பதை அதே தாராளத்தோடு பார்க்கவில்லை. டி-ஷர்ட்டை ஓவியத்தோடு சேர்ப்பார்களா, கோப்பையோடு சேர்ப்பார்களா? கோப்பையோடுதான் என்று நினைத்துக்கொண்டு நடப்பது நல்லது.

2 நவம்பர்

பென் ஸ்டேட்டை அவர்கள் ஊரிலேயே 20-13. நிம்மதி.

பென் ஸ்டேட் ஒரு பெரிய கேஸும் நடத்திக்கொண்டிருக்கிறது. வின்டேஜ் பிராண்ட் என்ற கம்பெனி பழைய டிக்கெட், பழைய படம் இவற்றில் இருந்து கல்லூரிச் சின்னங்களை எடுத்து டி-ஷர்ட்டில் போட்டு விற்றது. 2021-இல் பென் ஸ்டேட் வழக்குப் போட்டது. 2022-இல் நீதிபதி மேத்யூ பிரான் எழுதிய உத்தரவைப் படித்தேன். நெஞ்சில் லோகோ போட்ட டி-ஷர்ட்டை வாங்குகிற ரசிகன் அதைக் கல்லூரிதான் செய்தது என்று நினைத்து வாங்குகிறானா, அணி மேல் இருக்கிற பிரியத்தில் வாங்குகிறானா என்று அவர் கேட்கிறார். லோகோ என்றாலே உரிமம் என்று பல பத்து ஆண்டுகளாக நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டது சரியா என்றும் கேட்கிறார்.

பழைய கதை தெரிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. சாம்பியன் கம்பெனி 1936-லிருந்து பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் பெயர் போட்ட உடை தயாரித்தது, உரிமம் எதுவும் இல்லாமல். பல்கலைக்கழகம் விழித்துக்கொண்டு வழக்குப் போட்டபோது 1983-இல் கீழ் நீதிமன்றம் சாம்பியன் பக்கம்தான் சொன்னது. மற்ற கல்லூரிகளும் அந்தக் காலகட்டத்தில்தான் விழித்தன. டென்னசி கால்பந்து அணியின் பழைய பயிற்சியாளர் பில் பேட்டில் 1981-இல் கல்லூரிச் சின்னங்களுக்கு உரிமம் ஏற்பாடு செய்கிற கம்பெனி ஒன்றைத் தொடங்கினார், முதல் வாடிக்கையாளர் அலபாமா. இன்று கல்லூரி லோகோ என்றால் எல்லோர் நினைவுக்கும் வரும் சிஎல்சி அதுதான்.

ஆக லோகோ டி-ஷர்ட்டுக்குக் கல்லூரிக்குப் பணம் என்பது என் வயதுக்குச் சற்றுக் கூடுதலான பழக்கம், அவ்வளவுதான். பிரான் கேட்ட கேள்விக்கு ஜூரி "பிரியத்தில்தான்" என்று சொன்னால் எல்லாம் மாறிவிடும். அப்படியே சொல்லும் என்று எனக்குத் தோன்றுகிறது.

24 நவம்பர்

சொல்லவில்லை. வில்லியம்ஸ்போர்ட்டில் ஜூரி பென் ஸ்டேட் பக்கம் தீர்ப்புக் கொடுத்துவிட்டது, நஷ்ட ஈடு 28,000 டாலர். மூன்று வருடத்துக்கும் மேல் வக்கீல்களுக்கு இரு தரப்பும் செலவழித்ததோடு பார்த்தால் சின்னத் தொகை. கேட்டது தொகைக்காக இல்லை என்பது தெளிவு.

மூன்று வாரம் முன் நான் போட்ட கணக்கு தவறிவிட்டது. ஏன் என்று யோசித்தேன். நான் ரசிகனாக இருந்து யோசித்தேன். ஜூரியில் உட்கார்ந்தவர்கள் கடைக்குப் போகிறவர்களாக யோசித்திருப்பார்கள். கடையில் நெஞ்சு லோகோவைப் பார்த்தால் "இது கல்லூரி அனுமதித்த சரக்கு" என்றுதான் நானும் எடுத்துக்கொள்கிறேன். நாற்பது வருடம் அப்படியே பழக்கியிருக்கிறார்கள். பழக்கம் ஊன்றிவிட்டால் குழப்பமும் நிஜமாகிவிடுகிறது.

30 நவம்பர்

மிச்சிகனிடம் சொந்த மண்ணில் 13-10. தொடர்ந்து நான்காவது வருடமாகத் தோல்வி. இன்று எழுத ஒன்றுமில்லை. மகள் போன் எடுக்கவில்லை.

15 டிசம்பர்

23 டி-ஷர்ட் கதைக்கு வருகிறேன். வழி கண்டுபிடித்தது மகள். பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்தவள் என் மேசையில் இருந்த பேப்பரில் தமிழ் "ஓ" ஒன்றைப் பெரிதாக எழுதினாள். "அப்பா, நமக்குத்தான் சொந்தமா ஒரு ஓ இருக்கே!"

ஒஹாயோக்காரர்களின் கூப்பாட்டைக் கேட்டவர்களுக்கு இது புரியும். ஒருவர் "ஓ-எச்!" என்று கத்தினால் எதிரில் இருப்பவர் யாராக இருந்தாலும் "ஐ-ஓ!" என்று திருப்பிக் கத்தியாக வேண்டும். நான் விமான நிலையத்தில், கோயில் வாசலில், பல் டாக்டர் வீட்டில் எல்லாம் கேட்டிருக்கிறேன். தமிழிலும் கூப்பிடுகிற எழுத்து அதுதானே. கிணற்றுக்குள் குனிந்து எந்தக் குழந்தையும் முதலில் கத்துவது "ஓ".

முழுப் பெயரையும் தமிழில் எழுதலாமா என்று வாட்ஸ்அப்பில் கேட்டதும் சண்டை வந்துவிட்டது. ஓஹியோ என்றார் ஒருவர், பத்திரிகையில் அப்படித்தான் வருகிறதாம். ஒகையோ என்றார் தமிழாசிரியை, கிரந்தம் கூடாதாம். நான் ஒஹாயோ கட்சி. முடிவில் ஒற்றை எழுத்தே நின்றது.

எழுத்தை நானே பிரஷ்ஷால் வரைந்தேன். "ஓ"வின் கால் சுழியில் ஒரு பக்கை மரத்துக் கொட்டை, ஒஹாயோ ஸ்டேட் அணியின் செல்லப்பெயரும் அந்தக் கொட்டையிலிருந்துதான். பக்கை 1953-லிருந்து மாநில மரம், காடு மேட்டில் விழுந்து கிடக்கிற கொட்டைக்கு யாரும் சொந்தம் கொண்டாட முடியாது.

"தமிழில் எழுதினால் சட்டத்தில் இருந்து தப்பிவிட்டோமா" என்று கேட்பீர்கள். தப்பவில்லை. வேற்றுமொழிச் சொல்லையும் பொருள் பெயர்த்துப் பார்க்கிற வழக்கம் அமெரிக்க டிரேட்மார்க் சட்டத்தில் இருக்கிறது. சிவப்பு, சாம்பல், பக்கை, ஓ, நான்கும் சேர்ந்தால் ஸ்மாக் கேஸ் நினைவுக்கு வரத்தான் வேண்டும். இதை நாளைக்கு எட்சியில் ஏற்றினால் என் வாதம் வலுவாக இருக்காது. எனவே விற்பனைக்கு இல்லை. அச்சடித்துப் பங்கிடுவதாகவும் இல்லை. சனிக்கிழமை காலை எல்லோரும் வெற்று டி-ஷர்ட்டோடும் அவரவர் வினைலோடும் என் கராஜுக்கு வருகிறார்கள். ஹீட் பிரஸ் என்னுடையது, கை அவரவருடையது.

22 டிசம்பர்

இருபத்து மூன்றுக்குப் பத்தொன்பது பேர் வந்தார்கள். எட்டு வயதுப் பையன் ஒருவன் வினைலைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வெட்ட மறந்து "ஓ"வை இடம் வலம் மாறி ஒட்டிவிட்டான். மாற்றித் தருகிறேன் என்றேன், அவன் விடவில்லை, தன் ஓ அப்படித்தான் என்றான். 305 டிகிரி ஃபாரன்ஹீட், பதினைந்து வினாடி, சூடு ஆறுவதற்குள் மேல் தாளை உரிப்பது: பத்தொன்பது பேரும் ஒரே காலையில் கற்றுக்கொண்டார்கள். ராத்திரி டென்னசியுடன் ஆட்டம், உறைநிலைக்குக் கீழே குளிர். டி-ஷர்ட்டை ஜாக்கெட்டுக்கு மேல் மாட்ட வேண்டும் என்று எல்லோரையும் மூன்று சைஸ் பெரிதாக வாங்கச் சொல்லியிருந்தேன், அது நல்லதாகப் போயிற்று.

டென்னசிக்காரர்கள் இவ்வளவு பேர் வருவார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. ஸ்டேடியத்தில் பக்கம் பக்கமாக ஆரஞ்சு. எங்கள் இடத்தில் இருந்து ஒரு லோகோகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் யார் எவர் என்பதில் எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. நிறமே போதுமாக இருந்தது. அக்டோபரில் ஸ்மாக் தீர்ப்பைப் பற்றி "பாதிக் கோபம்" என்று எழுதியிருந்தேன். அதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். "தி" மேல் இருக்கிற கோபம் அப்படியே இருக்கிறது.

42-17. பின்வரிசைப் பெரியவர் ஒருவர் என் நெஞ்சைக் காட்டி அது என்ன எழுத்து என்று கேட்டார். தமிழ் ஓ என்றேன். "ஓ-எச்!" என்றார்.

21 ஜனவரி 2025

ரோஸ் பவுலில் ஆரிகனை 41-21. அக்டோபரின் அந்த ஒரு பாயிண்ட் தீர்ந்தது. டெக்சாஸை 28-14. நேற்று அட்லாண்டாவில் நோட்டர் டேமை 34-23. சாம்பியன்! மகள் அழுதுகொண்டே போன் செய்தாள். பின்னால் ஹை ஸ்ட்ரீட் முழுக்கச் சத்தம்.

காலையிலேயே இருவர் கேட்டுவிட்டார்கள், "34-23 போட்டு, அந்த ஓவையும் போட்டு, ஐம்பது அடிக்கலாமா அண்ணா? ஒரு வாரத்தில் போய்விடும்." போய்விடும், எனக்கும் தெரியும். சாம்பியன் கணக்கும் கல்லூரி நிறமும் போட்டு விற்றதுதான் ஸ்மாக்கின் டி-ஷர்ட். கல்லூரி லோகோவோடு வெற்றி டி-ஷர்ட் வேண்டுமென்றால் இன்றே உரிமம் பெற்ற கடைகளில் கிடைக்கிறது, வாங்குங்கள். நானும் மகளுக்கு ஒன்று முழு விலை கொடுத்து வாங்கிவிட்டேன். செப்டம்பரில் அவளுக்கு வெட்டிய பிளாக் ஓ ஃபைல் கம்ப்யூட்டரில் கிடந்தது. நேற்று ராத்திரி தூங்கப் போகுமுன் அதை அழித்தேன். தமிழ் ஓ இருக்கிறது. கராஜுக்கு வருகிறவர்கள் வரலாம்.

முதல் கேள்வி கேட்ட அம்மா நேற்று எழுதியிருக்கிறார்: நாலு டி-ஷர்ட்டும் நன்றாக வந்தன, ஆனால் மகனுடையது மட்டும் ஓரம் தூக்குகிறது. ஹாஸ்டல் டிரையரில் முழுச் சூட்டில் போட்டிருப்பான். உள்பக்கத்தை வெளியே திருப்பி, குளிர்ந்த தண்ணீரில் துவைத்து, கொடியில் போடச் சொல்லுங்கள். தூக்கிய ஓரத்தின் மேல், கேக் தட்டில் விரிக்கிற பார்ச்மென்ட் பேப்பரை வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் பத்து வினாடி அழுத்துங்கள், ஒட்டிவிடும். புது டி-ஷர்ட் என்றால் ஒட்டுவதற்கு முன் ஒருமுறை துவைத்துவிடுங்கள், சாஃப்ட்னர் போடாமல்.